நோயில்லாக் கன்று வேறு, நோய் வராத கன்று வேறு

கேள்வி: பண்ணைக்காடு பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்தில் காப்பிக்கு இடையில் விருப்பாட்சி வாழை நிறைந்திருந்தது. முடிக்கொத்து நோயில் பெரும்பகுதி போய்விட்டது. மேட்டு மூலையில் ஏழு தூர் மட்டும் இன்னும் குலை தள்ளுகிறது. பழத்தில் அதே பழைய மணம். இவற்றைத் திசு வளர்ப்புக் கூடத்துக்குக் கொடுத்து ஆயிரம் கன்று எடுத்து நடலாம் என்று நினைக்கிறேன். திசு வாழைக்கு முடிக்கொத்து வராது என்கிறார்களே, உண்மையா? உயிர்த்தொழில்நுட்பம் படித்த என் மகள், வீட்டிலேயே சிறிய கூடம் அமைக்கலாம் என்கிறாள். அது ஆகிற காரியமா? எங்கள் காலத்துக்குப் பிறகும் இந்த வாழை அழியாமல் இருக்க என்ன வழி?

பதில்: ஐயா, முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். திசு வளர்ப்பில் வந்த வாழைக்கும் முடிக்கொத்து வரும். கூடத்தை விட்டு வெளியேறும் நாளில் கன்றுக்குள் வைரஸ் இல்லை என்பதற்கு மட்டுமே எவரும் உறுதி தர முடியும். அதுவும் சோதித்துப் பார்த்திருந்தால். உங்கள் தோட்டத்தில் நட்ட மறுவாரமே நோய் சுமந்த அசுவினிப் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தால், அந்தக் கன்றின் கதியும் பக்கக்கன்றின் கதியும் ஒன்றுதான். நோயே வராது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் சொன்னாலும் தெரிந்தே சொன்னாலும், அவர்களிடம் கன்று வாங்காதீர்கள்.

அப்படியானால் திசு வளர்ப்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் பெரியது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய, நோய் எப்படி நடமாடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முடிக்கொத்து வைரஸ் அரிவாளில் ஒட்டிப் பரவுவதில்லை, மண்ணிலும் தங்குவதில்லை. அதற்கு வழி இரண்டே. ஒன்று, வாழை அசுவினி. கறுப்பும் பழுப்புமாக, காய்ந்த மட்டைக்கு அடியிலும் குருத்திலை விரியும் சந்திலும் கூட்டமாக இருக்கும். எறும்பு வரிசை ஒன்று வாழையின் அடியிலிருந்து குருத்துவரை போய்வந்துகொண்டிருந்தால், மேலே அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வழி, நாமேதான். நோய்த் தூரிலிருந்து கன்று பெயர்த்து இன்னொரு தோட்டத்துக்கோ இன்னொரு ஊருக்கோ கொண்டுபோகிறோம். அசுவினி பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிற நோயை நாம் லாரி ஏற்றி அடுத்த மலைக்கு அனுப்பிவிடுகிறோம். வைரஸ் கிழங்கு வழியாகக் கன்றுக்கு இறங்குவதால், வாழையடி வாழையாக வருவதில் இந்த நோயும் சேர்ந்துகொண்டது.

மலை வாழைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சமவெளியில் இரண்டு மூன்று போகத்துக்குப் பிறகு கிழங்கைத் தோண்டிவிட்டு வேறு பயிர் வைக்கிறார்கள். கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கும் மிளகுக்கும் இடையில் ஒரு தூர் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. நோய் பிடித்த ஒரு தூர், குலை தராவிட்டாலும் கன்று விட்டுக்கொண்டே, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வைரஸ் கொடுத்துக்கொண்டு நிற்கும். காப்பி நிழலில் யார் கண்ணிலும் படாது. உங்கள் அப்பா காலத்து வாழை போனதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

திசு வளர்ப்பின் பயன் இப்போது விளங்கும். இரண்டு வழிகளில் நம் வழியை, அதாவது நோய்க்கன்றை நாமே நடுவதை, அது அடைக்கிறது. அசுவினியின் வழியை அடைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அது முடியாத காரியம் அல்ல. 1913-இல் ஃபிஜியிலிருந்து போன கன்றுகளோடு இந்த நோய் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. 1920-களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் வாழைத் தொழிலே படுத்துவிட்டது. மேகீ என்ற ஆய்வாளர், பரப்புவது அசுவினியும் நோய்க்கன்றும்தான் என்று கண்டு சொன்னார். அதன் பிறகு சட்டம் போட்டு, தோட்டம் தோட்டமாகப் பார்த்து, நோய்த்தூரை அழித்து, சுத்தமான கன்றை மட்டும் நட்டு மீண்டார்கள். அன்று திசு வளர்ப்பும் இல்லை, நோயைத் தாங்கும் ரகமும் இல்லை.

இனி உங்கள் ஏழு தூருக்கு வருகிறேன். எல்லாம் போன பிறகும் அவை நிற்கின்றன என்றால் இரண்டில் ஒன்று. மேட்டு மூலையில் தனியாக இருந்ததால் தப்பியிருக்கலாம். அல்லது நோய் ஏறியும் வெளியே தெரியாமல் இருக்கலாம். வைரஸ் உள்ளே போன பிறகு அடையாளம் தெரிய மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். எதிர்ப்புச் சக்தி இருப்பதால்தான் பிழைத்தன என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த ஆசையில் நோய்க்கன்றைப் பரப்பியவர்கள் பலர்.

காலை வெயில் நன்றாக ஏறியதும் ஒவ்வொரு தூரிலும் புதிதாக விரிந்த இலையைப் பின்பக்கமாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பக்க நரம்புகளிலும் இலைக்காம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டுத் தெரிந்தால், அது முடிக்கொத்தின் முதல் கையெழுத்து. நடுநரம்பைத் தொடும் இடத்தில் அந்தப் பச்சை கொக்கிபோல் வளைந்து இறங்கும். காம்பின் மேலிருக்கும் வெள்ளைப் பொடியை விரலால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தவறிவிடும். இலை குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்பதெல்லாம் பிற்பாடு வருவது. அது வந்த பிறகு யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தப்பியதைச் சோதனை காட்டும். ஒவ்வொரு தூருக்கும் ஓர் எண் கொடுத்து, தகரத் துண்டில் எழுதிக் கட்டுங்கள். அதே எண்ணை இலை மாதிரியிலும் எழுதி, திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகுங்கள். வழியில் தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதல் பேச்சை அங்கே வைத்துக்கொள்வது உங்களுக்குச் சுலபம். முடிக்கொத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளரித் தேமல் வைரஸ், கோடு வைரஸ், பூமடல் தேமல் வைரஸ் ஆகியவற்றையும் சேர்த்து நான்குக்கும் பார்க்கச் சொல்லுங்கள். ஏழில் மூன்று தேறினாலும் போதும். தேறாத தூரை, பழம் எவ்வளவு மணத்தாலும், கன்றுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

திசு வளர்ப்பு, கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற வேலை. வெல்ல அச்சில் ஒரு கீறல் இருந்தால் வார்க்கிற கட்டி ஒவ்வொன்றிலும் அந்தக் கீறல் விழும். தாய்த்தூர் சிறுத்த குலை போடுகிறதென்றால் ஆயிரம் கன்றும் சிறுத்த குலைதான் போடும். ஆகவே இலையை மட்டும் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குலை முற்றும்வரை காத்திருங்கள். சீப்பு ஒழுங்காக அமைந்திருக்கிறதா, காய் நிரம்பியிருக்கிறதா, பழுத்த பிறகு சதை இறுகி, நீர் குறைந்து, மணத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடிப் போவதே இந்த இறுகிய சதைக்காகத்தான். ஜி-9 என்ற திசு வாழை ரகத்தை வைத்தால் குலை பெரிதாக வருமே என்று யாராவது யோசனை சொன்னால், பஞ்சாமிர்தம் செய்பவரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

கூடத்தில் நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியும். குறுகிய இலை கொண்ட ஈட்டிக் கன்றைத் தோண்டி, மண் போகக் கழுவி, மட்டையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவில் வெள்ளைக் குருத்து மிஞ்சும். கத்தி பட்ட இடம் சிறிது நேரத்திலேயே பழுப்பேறும். வாழைச்சாறு கையில் கறையாவதும் இதே வேலைதான். அதைத் தடுக்க அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் போட்டு வைப்பார்கள். கிருமி நீக்கிய பிறகு, 1962-இல் முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்கு வகுத்த உப்புக் கலவையில் வைப்பார்கள். இன்றும் பெரும்பாலான கூடங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன: லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, இறுகுவதற்கு அகார், குருத்து பெருகுவதற்கு சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்துப் புதிய பாட்டிலில் வைத்தால், ஒன்று மூன்றாகும். மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஆறாவது சுற்றில் 729. கேட்கவே மலைப்பாக இருக்கும்.

இங்கேதான் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, இந்தச் சாதாரணப் பெருக்கம் வைரஸை நீக்குவதில்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குருத்தில் வைரஸ் இருந்தால், பாட்டிலுக்குள்ளும் இருக்கும். சுத்தமான ஊட்டத்தில் செடி தளதளவென்று பச்சையாக நிற்கும்; வயலுக்குப் போன பிறகு கொத்தாகும். வைரஸை நீக்க வேண்டுமென்றால் உருப்பெருக்கியின் கீழ் நுனி வளர்திசுவை மட்டும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, வெட்டி எடுக்க வேண்டும். வைரஸ் உணவுக்குழாய் வழியே ஓடுவது. நுனியில் அந்தக் குழாய் இன்னும் அமையவில்லை. 1952-இல் மொரேலும் மார்ட்டனும் பிரான்சில் டேலியா செடியை இப்படித்தான் வைரஸிலிருந்து மீட்டார்கள். ஆனால் அவ்வளவு சிறிய துண்டில் பாதி பிழைப்பதே அரிது. பிழைத்தவற்றிலும் சிலவற்றில் வைரஸ் தங்கியிருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். உங்கள் தூர்களில் ஒன்றுகூடச் சோதனையில் தேறாமல் போனால் மட்டுமே இந்தச் சுற்றுவழி. தேறிய தாய் ஒன்று இருந்தால் அதை வைத்துப் பெருக்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றுகள் கூடக்கூட, தாயைப் போலில்லாத பிறழ்கன்றுகள் கூடும். வாழையில் அதிகம் வருவது குட்டை. இலை வரி மாறியதும், குலை ஒழுங்கற்றதும் வரும். அதனால்தான் எட்டுச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். மலேசியாவில் திசு வளர்ப்பு எண்ணெய்ப் பனையை நட்டு, மரமாகிக் காய்த்த பிறகே காய் கோணலாக வருவதைக் கண்டார்கள். அதுவரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. உங்களுக்கு ஆயிரம் கன்று வேண்டுமென்றால் ஒரே தூரிலிருந்து எடுக்காதீர்கள். தேறியது ஏழு என்றால் தூருக்கு 150. ஐந்து சுற்றில் முடிந்துவிடும். ஒரு தூரில் ஏதாவது மறைந்த குறை இருந்தாலும் தோட்டம் முழுவதும் அது வராது. எந்தக் கன்று எந்தத் தூரின் பிள்ளை என்று எண்ணோடு பிரித்துத் தரச் சொல்லுங்கள். கூடத்தார் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். விருப்பாட்சி ஏஏபி வகையைச் சேர்ந்தது; அதாவது ஏ, பி என்று குறிக்கப்படும் இரண்டு காட்டு வாழைகளில், ஏ-யின் மரபுத்தொகுதி இரண்டும் பி-யின் மரபுத்தொகுதி ஒன்றும் அதில் இருக்கின்றன. பி மரபுத்தொகுதி உள்ள வாழைகளில் கோடு வைரஸின் துண்டுகள் வாழையின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்து கிடப்பதுண்டு. சில கலப்பின வாழைகளில் அது திசு வளர்ப்பின்போது விழித்துக்கொண்டதைக் கண்டிருக்கிறார்கள். தாய் தேறியதோடு நிறுத்தாமல், கூடத்திலிருந்து வரும் தொகுதியையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறை ஒன்றை நடத்துகிறது. அந்த அங்கீகாரம் பெற்ற கூடமாகப் பாருங்கள். கன்று வாங்கும்போது தொகுதி எண் போட்ட சான்றைக் கையில் வாங்குங்கள்; சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது உங்கள் கன்றுக்கான சான்று ஆகாது.

மகளின் யோசனை பற்றி: ஆர்வம் நல்லது, இடம் தவறு. ஊட்டக் கலவையை 121 டிகிரியில் ஆவியில் வேகவைக்க ஆட்டோகிளேவ் வேண்டும். தூசியற்ற காற்று வீசும் மேடை வேண்டும். 25 டிகிரியை ஒட்டி, நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தோடு ஓர் அறை வேண்டும். மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போய் வருவது உங்களுக்கே தெரியும். சர்க்கரை கலந்த ஊட்டம் நமக்குச் செடி வளர்க்க வைத்தது. பூஞ்சைக்கு அது விருந்து. ஒரு பாட்டிலில் பூத்தால் தட்டு முழுவதும் போகும். குருத்தைக் கிருமி நீக்கப் பல கூடங்களில் பாதரச குளோரைடு பயன்படுகிறது. அது வீட்டில் வைக்கிற பொருளே அல்ல. இவ்வளவும் செய்து ஆயிரம் கன்று எடுத்தால், ஒரு கன்றின் அடக்கவிலை கூடத்து விலையை எங்கோ தாண்டிவிடும்.

மகளுக்கு நான் சொல்வது வேறு வேலை. பாட்டிலிலிருந்து வெளிவந்த கன்றுகளைப் பழக்கும் நாற்றங்கால் வைக்கட்டும். திசு வாழையில் பெரிய சேதம் நேர்வது அங்கேதான். பாட்டிலுக்குள் எப்போதும் ஈரக்காற்று. இலையில் மெழுகுப் பூச்சு இல்லை, இலைத்துளைகள் மூடப் பழகவில்லை. திடீரென்று வெளியே வைத்தால் ஒரு பிற்பகலில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய அகாரை நன்றாகக் கழுவி, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் நட்டு, முதலில் ஈரம் காக்கும் மூடிக்குள் வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஐந்தாறு வாரம் கழித்து பாலித்தீன் பைக்கு மாற்றி, இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் நிழல்வலையில் வைக்க வேண்டும். பொறுமையும் கண்ணும் இருந்தால் போதும். படித்த பெண்ணுக்குப் பிறழ்கன்றுகளைக் கண்டு ஒதுக்கவும் தெரியும். ஒன்றே ஒன்று: நாற்றங்காலைச் சுற்றி அசுவினி புகாத 40 மெஷ் வலை (அங்குலத்துக்கு 40 கண் உள்ளது) கட்டாயம். சுத்தமான கன்றை வாங்கி, திறந்த நாற்றங்காலில் நோய்த்தூருக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வைத்தால், கூடத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

நடுவதற்கு முன் தோட்டத்தைச் சுத்தம் செய்யுங்கள். நோய்த்தூரைக் கண்டதும் வெட்டிச் சாய்ப்பது பலரின் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். சாய்த்த வாழையிலிருந்து அசுவினி இறங்கி அடுத்த வாழைக்குப் போகும். முதலில் நிற்கும் நிலையிலேயே குருத்திலும் மட்டைச் சந்துகளிலும் மருந்தடித்து அசுவினியைக் கொல்லுங்கள். ஒருநாள் பொறுத்து, 2,4-டி களைக்கொல்லியைத் தண்டுக்குள் செலுத்திக் கிழங்கோடு சாகவிடுங்கள். அளவை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பியின் மேல் துளிகூடத் தெறிக்கக் கூடாது. கிழங்கில் கண் மிச்சமிருந்தால் மீண்டும் முளைக்கும் என்பதால் சில மாதம் கண்காணிக்க வேண்டும். அக்கம்பக்கத் தோட்டக்காரர்களும் இதே வேலையைச் செய்யாவிட்டால் உங்கள் உழைப்பு அரைகுறைதான். நல்ல வேளையாக, உங்கள் மலையில் மலைவாழை விவசாயிகளின் சங்கம் இருக்கிறது. ஆராய்ச்சி மையத்தோடும் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து வைரஸ் சோதித்த விருப்பாட்சிக் கன்றை மலைக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புவிசார் குறியீடும் இந்த வாழைக்குக் கிடைத்திருக்கிறது. தனியாக இறங்காமல் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

நட்ட பிறகு வாரம் ஒரு நடை. முதல் ஐந்தாறு மாதம் திசுக்கன்றின் இளம் இலை அசுவினிக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் இடையில் பூசணி, வெள்ளரி, தக்காளி வைக்காதீர்கள்; வெள்ளரித் தேமல் அவற்றிலிருந்துதான் ஏறும்.

கடைசிக் கேள்வி, உங்கள் காலத்துக்குப் பிறகு. வாழைக்கு விதை இல்லாததால் நெல்லைப் போல டப்பாவில் போட்டு வைக்க முடியாது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் உலக வாழை ரகங்களின் சேமிப்பு ஒன்று இருக்கிறது. 1,500-க்கும் மேற்பட்ட வாழைகளைச் சோதனைக் குழாயில் 16 டிகிரி குளிரில், மங்கிய வெளிச்சத்தில், வளர்ச்சியை மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். அதற்கும் மேலாக, நுனித் திசுவைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். அங்கே வளர்ச்சியே நின்றுவிடுவதால் பிறழ்வுக்கும் இடமில்லை. நம் நாட்டில் டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகம் குழாய்களில் வாழையைக் காக்கிறது. திருச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களை வயலில் வைத்துக் காக்கிறது. உங்கள் தூர்களில் தேறியதைத் திருச்சிக்குக் கொடுக்க முன்வாருங்கள். மணத்தில் வித்தியாசம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் குழாயில் இருக்கும் வாழை குலை தள்ளாது. ரகத்தை அறிந்த ஆள் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஆகவே உங்கள் அளவிலும் ஒன்று செய்யுங்கள். ஆயிரத்தில் இருபது கன்றை உங்கள் தோட்டத்தில் நடாமல், வாழையே இல்லாத தூரத்துத் தோட்டம் ஒன்றில், உறவினரோ நண்பரோ பார்த்துக்கொள்ள, தனியாக நடுங்கள். மேட்டு மூலைத் தூர்களில் சோதனையில் தேறியவற்றை, கூடத்துக் கன்று குலை தள்ளி, தாயின் பழத்தோடு ஒத்துப்போகிறது என்று நீங்களே தின்று பார்க்கும்வரை, எடுக்காதீர்கள்.

குருத்து வைக்க இரண்டு மாதம், பெருக்க ஐந்து, வேர் விட ஒன்று, பழக்க மூன்று என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. கீழ்ப்பழனியில் நடவு சித்திரை, வைகாசியில். அடுத்த ஆண்டு நட வேண்டுமென்றால் இந்தச் சித்திரைக்குள் கன்று கூடத்தில் இருக்க வேண்டும். சோதனை முடிவு அதற்கும் முன்னே வந்திருக்க வேண்டும். எனவே இலை மாதிரியை இந்த மாதமே அனுப்புங்கள். எடுக்கும் இலை உச்சியிலிருந்து முழுதாக விரிந்த முதல் இலையாக இருக்கட்டும். நனைக்காமல், உலர்ந்த காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, தூர் எண்ணைக் காகிதத்தின் மேல் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.